தோற்கப் போகிறவரையும் கேட்ட தலைவர்: பாபு ராஜேந்திர பிரசாத்

சங்கக் கூட்டமானாலும் யூனியன் பொதுக்குழுவானாலும் வாக்கெடுப்பு முடிந்ததும் தலைவர் எழுந்து எண்ணிக்கையை வாசிப்பார். இத்தனை பேர் ஆதரவு, இத்தனை பேர் எதிர்ப்பு, தீர்மானம் நிறைவேறியது. அத்தோடு நாற்காலிகளை மடக்கி வைத்துவிட்டுக் கிளம்பி விடுவோம். எதிர்த்துக் கை தூக்கியவர்கள் அடுத்த கூட்டத்துக்கு வருகிறார்களா, சந்தா கட்டுகிறார்களா என்று பார்ப்பவர் குறைவு. ஆறு மாதம் கழித்து அதே வட்டாரத்தில் இரண்டாவது சங்கம் ஒன்று முளைத்திருக்கும். வெளி மாநிலத்தில் பிழைக்க வந்த நம்மவர்களுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

முப்பது கோடிக்கு மேற்பட்ட மக்களுக்காகச் சட்டம் எழுத ஒரு சபை கூடியபோது அதன் தலைமை நாற்காலியில் ஒருவர் உட்கார்ந்திருந்தார். வெல்லப் போகிற கட்சியைச் சேர்ந்தவர்தான். எண்ணினால் எந்த நாளும் அவர் பக்கம்தான் ஜெயிக்கும். இருந்தாலும் அவர் எண்ணுவதற்கு அவசரப்படவில்லை. நாட்டின் முதல் ஜனாதிபதி என்று பாடப் புத்தகத்தில் நாம் படித்த ராஜேந்திர பாபுதான் அவர். ஜனாதிபதி மாளிகையில் அவர் இருந்த 12 ஆண்டுகளைப் பற்றி எல்லோரும் எழுதுகிறார்கள். அதற்கு முன்னே அந்த நாற்காலியில் இருந்த மூன்றாண்டுகளைப் பற்றித்தான் நான் அதிகம் சொல்லப் போகிறேன்.

ராஜேந்திர பிரசாத் 1884 டிசம்பர் 3ஆம் தேதி பீகாரில் ஜீராதேய் என்ற கிராமத்தில் பிறந்தார். அப்போது சாரண் ஜில்லா, இப்போது சிவான் ஜில்லா. தகப்பனார் மகாதேவ் சகாய். வீட்டில் கடைக்குட்டி. ஐந்து வயதில் ஒரு மௌல்வியிடம் பாரசீகம் படிக்க உட்கார வைத்தார்கள். அந்தக் காலத்தில் அந்தப் பக்கத்துக் காயஸ்தர் வீடுகளில் அதுதான் வழக்கம். பன்னிரண்டு வயதிலேயே ராஜவன்ஷி தேவியுடன் கல்யாணமும் நடந்துவிட்டது. சாப்ரா ஜில்லாப் பள்ளியில் படித்து 1902இல் கல்கத்தா சர்வகலாசாலையின் பிரவேசப் பரீட்சை எழுதினார். வங்காளம், பீகார், ஒரிஸ்ஸா, அஸ்ஸாம், பர்மா எல்லாவற்றுக்கும் சேர்த்து நடந்த பரீட்சை அது. கிராமத்துப் பையன் முதலாவதாக வந்தார்.

பிறகு பிரசிடென்சி கல்லூரி, எம்.ஏ., சட்டம் என்று எல்லாம் வரிசையாக நடந்தது. கோகலே அவரைத் தம்முடைய இந்திய ஊழியர் சங்கத்தில் சேரும்படி அழைத்தார். சேர ஆசைதான். ஆனால் குடும்பப் பாரத்தைச் சுமந்தவர் அண்ணன் மகேந்திர பிரசாத். அவரிடம் நேரில் கேட்க வாய் வராமல் ஒரே வீட்டில் இருந்துகொண்டு கடிதம் எழுதிக் கொடுத்தார் தம்பி. அண்ணனுக்குச் சம்மதமில்லை. தம்பி அந்த எண்ணத்தை விட்டார். இதைக் கோழைத்தனம் என்று சொல்பவர் சொல்லட்டும். எதிரே இருப்பவர் மனம் புண்படுமே என்ற கூச்சம் அவருக்குக் கடைசிவரை போகவில்லை. பின்னால் அதுவே ஒரு சபையை நடத்த உதவியது என்று எனக்குத் தோன்றுகிறது.

வக்கீல் தொழிலில் நல்ல வருமானம். 1916இல் பாட்னாவில் ஹைகோர்ட் ஏற்பட்டதும் அங்கே வந்தார். மறு வருஷம் காந்திஜி சம்பாரணுக்கு வந்தார். அவுரி பயிரிடும் வெள்ளைக்கார முதலாளிகளுக்காகக் குடியானவர்கள் இருபதில் மூன்று பங்கு நிலத்தில் கட்டாயமாக அவுரி போட வேண்டியிருந்த காலம் அது. காந்திஜியை முதலில் பாட்னாவில் ராஜேந்திர பாபு வீட்டுக்குத்தான் அழைத்துப் போனார்கள். பாபு ஊரில் இல்லை. வந்தவர் என்ன ஜாதியோ என்று வேலைக்காரர்கள் கிணற்றடிக்கும் விடவில்லை. திரும்பி வந்த பாபு, காந்திஜியுடன் குடியானவர்களின் வாக்குமூலங்களை எழுதி எடுக்க உட்கார்ந்தார். அதுவரை வக்கீல்கள் ஒவ்வொருவருக்கும் தனித்தனி சமையல்காரர், தனித்தனி அடுப்பு. காந்திஜி சொல்லி ஒரே அடுப்பாயிற்று. சில வருஷங்களில் ஒத்துழையாமை இயக்கம் வந்ததும் பாபு ஹைகோர்ட்டை விட்டே விலகினார்.

கயாவில் ஒரு பாடம்

1922 டிசம்பரில் கயாவில் காங்கிரஸ் மகாசபை கூடியது. தலைவர் தேசபந்து சி.ஆர்.தாஸ். சட்டசபைகளுக்குள் போய்ப் போராடலாம் என்பது தாஸ், மோதிலால் நேரு கட்சி. போகவே கூடாது, காந்திஜி சிறையில் இருக்கும்போது அவர் போட்ட பாதையை மாற்றக் கூடாது என்பது எதிர்க்கட்சி. அந்த எதிர்க்கட்சிக்கு முன்னின்று பேசியவர் நம்முடைய ராஜாஜி. ராஜேந்திர பாபுவும் அதே பக்கம்தான். வாக்கெடுத்தார்கள். தாஸ் பக்கம் 890, எதிர்ப்பக்கம் 1,740. ஏறத்தாழ இரண்டுக்கு ஒன்று. இதைவிடத் தெளிவான தீர்ப்பு வேண்டுமா?

ஆனால் தீர்ப்பு வந்ததே தவிர விவகாரம் தீரவில்லை. தாஸ் தலைமைப் பதவியை விட்டார். மோதிலாலும் அவரும் காங்கிரசுக்குள்ளேயே சுயராஜ்யக் கட்சி தொடங்கினார்கள். ஒன்பது மாதம் ஊர் ஊராகச் சண்டை. கடைசியில் 1923 செப்டம்பரில் டில்லியில் விசேஷ மகாசபை கூடி, சட்டசபைக்குப் போக விரும்புகிறவர்கள் போகலாம் என்று வழிவிட்டது. கயாவில் வென்றவர்கள் டில்லியில் விட்டுக் கொடுத்தார்கள். அதே விட்டுக் கொடுத்தலைக் கயாவிலேயே செய்திருந்தால் ஒன்பது மாதம் மிஞ்சியிருக்கும்.

1934 ஜனவரி 15ஆம் தேதி பீகாரைப் பூகம்பம் குலைத்துப் போட்டது. அப்போது சிறையில் இருந்த பாபு விடுதலையாகி நேரே நிவாரண வேலைக்குப் போனார். அவர் நடத்திய கமிட்டிக்கு 38 லட்சம் ரூபாய் சேர்ந்தது.  அந்தக் கமிட்டியின் கணக்கு வழக்குக்கு ஆலோசகராக இருந்தவர் தஞ்சாவூரில் பிறந்த ஜே.சி.குமரப்பா. காலணா பிசகாத கணக்கு என்று பெயர். கணக்கு எழுதிப் பிழைக்கும் நமக்கு இதைக் கேட்கக் கொஞ்சம் பெருமைதான். அதே ஆண்டு அக்டோபரில் பம்பாயில் கூடிய காங்கிரசுக்குப் பாபு தலைவரானார்.

அவருடைய அன்பர்கள் வேகமாகத் தாண்டிப் போகிற அத்தியாயம் ஒன்று உண்டு. 1939 ஜனவரியில் காங்கிரஸ் தலைவர் தேர்தலில் சுபாஷ் சந்திர போஸ் இருநூறு வாக்குகளுக்கு மேல் வித்தியாசத்தில் ஜெயித்தார். தோற்றவர் பட்டாபி சீதாராமய்யா. அவரை நிறுத்தியது காந்திஜியின் பக்கம். ஜெயித்தவரோடு வேலை செய்ய மனமில்லாமல் காரியக் கமிட்டியின் பெரும்பாலோர் ராஜினாமா செய்தார்கள். பாபுவும் அவர்களில் ஒருவர். திரிபுரியில் போஸின் கையைக் கட்டுகிற தீர்மானம் வந்தது. ஏப்ரல் கடைசியில் போஸ் விலகினார். அந்த நாற்காலியில் பாபுவை உட்கார வைத்தார்கள். அவர் அதை விரும்பிக் கேட்கவில்லை என்பது உண்மை. ஆனாலும் முறையாக ஜெயித்த ஒருவரை நிர்வாகம் செய்யவிடாமல் செய்த கூட்டத்தில் அவரும் இருந்தார். கயாவில் தோற்றவர்கள் சண்டை போட்டார்கள் என்றால் இங்கே தோற்றவர்களே ஜெயித்தவரை அனுப்பி வைத்தார்கள். எந்தச் சமாதானம் சொன்னாலும் எனக்கு இது ஒப்பவில்லை.

காலியான பெஞ்சுகள்

1946 டிசம்பர் 9ஆம் தேதி டில்லியில் அரசியல் நிர்ணய சபை கூடியது. 11ஆம் தேதி ராஜேந்திர பாபு அதன் நிரந்தரத் தலைவராகப் போட்டியின்றித் தேர்ந்தெடுக்கப்பட்டார். அன்றைக்குச் சபையில் ஒரு பகுதி பெஞ்சு காலி. முஸ்லிம் லீக் வரவில்லை. சமஸ்தானங்களின் பிரதிநிதிகளும் இன்னும் வரவில்லை. இருந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் காங்கிரஸ்காரர்கள்.

13ஆம் தேதி நேரு லட்சியத் தீர்மானத்தைக் கொண்டு வந்தார். இந்தியா சுதந்திரக் குடியரசாகும் என்று பிரகடனம் செய்கிற தீர்மானம். பம்பாய் வக்கீல் எம்.ஆர்.ஜயகர் எழுந்து ஒரு திருத்தம் கொடுத்தார். வராதவர்கள் வருகிறவரைக்கும் தீர்மானத்தை ஒத்தி வைக்க வேண்டும் என்றார். சபையில் முணுமுணுப்பு, குறுக்கீடு. சுதந்திரத்துக்காகச் சிறை சென்றவர்கள் நிறைந்த சபையில், சுதந்திரப் பிரகடனத்துக்குக் காத்திரு என்றால் எப்படியிருக்கும்?

அப்போது 17ஆம் தேதி பாபு ஒரு பெயரைக் கூப்பிட்டார். டாக்டர் அம்பேத்கர். அவரே திகைத்துப் போனார். தமக்கு முன் இருபது, இருபத்திரண்டு பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள், தம் முறை மறுநாள்தான் வரும் என்று எண்ணி அவர் தயாராகக்கூட வரவில்லை. காங்கிரசோடு பல வருஷம் மோதியவர். வங்காளத்திலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்டு வந்தவர். அவர் என்ன பேசப் போகிறாரோ என்று சபை காத்திருந்தது. ஜயகர் பக்கம்தான் பேசினார். இந்தத் தீர்மானத்தை நிறைவேற்றச் சபைக்கு உரிமை உண்டா என்பது ஒரு கேள்வி, நிறைவேற்றுவது விவேகமா என்பது வேறு கேள்வி என்று பிரித்துக் காட்டினார். பலம் கையில் இருப்பதாலேயே புத்தியும் கூட இருக்கிறது என்று ஆகிவிடாது என்ற பொருளில் பேசினார். எதிரிகளும் வந்து சேர வழிவிடுங்கள் என்று கேட்டுக் கொண்டார். முணுமுணுத்த சபை அமைதியாகக் கேட்டது. முடிவில் கைதட்டியது.

தீர்மானம் ஜனவரிக்குத் தள்ளிப் போடப்பட்டது. 1947 ஜனவரி 22ஆம் தேதிதான் நிறைவேறியது. லீக் அப்போதும் வரவில்லை என்பதைச் சொல்லிவிட வேண்டும். காத்திருந்ததால் தேசப் பிரிவினை நிற்கவில்லை. ஆனால் வேறொன்று நடந்தது. காங்கிரசுக்கு வேண்டாதவராக உள்ளே வந்த அம்பேத்கர் அந்தச் சபையிலே காது கொடுத்துக் கேட்கப்படுகிறவர் ஆனார். பிரிவினையால் அவருடைய வங்காளத்து ஸ்தானம் போனபோது, அவரைப் பம்பாயிலிருந்து உடனே தேர்ந்தெடுத்து அனுப்பும்படி அங்குள்ள முதல் மந்திரிக்குக் கடிதம் எழுதியவர் ராஜேந்திர பாபுதான். அம்பேத்கர் வந்தார். சட்டத்தை எழுதும் குழுவுக்கே தலைவரானார்.

சபை மொத்தம் இரண்டு வருஷம் பதினொரு மாதத்துக்கு மேல் நடந்தது. நகல் சட்டத்துக்கு வந்த திருத்தங்கள் 7,635. அவற்றில் சபையில் எடுத்துக் கொள்ளப்பட்டவை 2,473. பாபுவுக்கு ஆஸ்துமா. உடம்பு முடியாத மாதங்களில் உப தலைவர் எச்.சி.முகர்ஜி நாற்காலியில் இருந்தார். இருவருமே பேச வந்தவரை அடக்கி உட்கார வைப்பதில் அவசரம் காட்டாதவர்கள். இருந்தது ஒரே பெரிய கட்சி. கொறடா உத்தரவு போட்டு மூன்றே மாதத்தில் முடித்திருக்கலாம். எத்தனையோ நாள் எச்.வி.காமத் எழுந்து ஒரு வார்த்தைக்காக வாதாடுவார். நசிருத்தீன் அகமது காற்புள்ளிக்குக்கூடத் திருத்தம் கொடுப்பார். பேராசிரியர் கே.டி.ஷா தோற்கும் என்று தெரிந்தே திருத்தங்களைக் கொண்டு வருவார். மௌலானா ஹஸ்ரத் மோஹானி கடைசி நாள்வரை எதிர்த்தார். நம் காயிதே மில்லத் முகமது இஸ்மாயில் சாகிப் 1949 மே மாதம் முஸ்லிம்களுக்குத் தனித் தொகுதி வேண்டுமென்று திருத்தம் கொண்டு வந்தார். பிரிவினையின் ரத்தம் காயாத வேளை. சபையில் இருந்த முஸ்லிம் அங்கத்தினர்களிலேயே பலர் அதற்கு எதிர். அவரும் பேசினார், தோற்றார். அந்தச் சட்டத்தின் கீழேயே பின்னர் தேர்தலில் நின்று லோக் சபாவுக்கும் போனார்.

1949 நவம்பர் 25ஆம் தேதி நன்றி சொல்ல எழுந்த அம்பேத்கர், இப்படி இடைவிடாமல் கேள்வி கேட்ட காமத், ஷா, குன்ஸ்ரு முதலானவர்களைக் கலகக்காரர்கள் என்று செல்லமாகக் குறிப்பிட்டு, பேர் பேராகச் சொல்லி நன்றி தெரிவித்தார். எல்லோரும் கட்சிக் கட்டுப்பாட்டோடு தலையாட்டியிருந்தால் சபையே சப்பென்று போயிருக்கும் என்பது அவர் கருத்து. சட்டத்தை எழுதியவரே இதைச் சொன்னார் என்பதைக் கவனிக்க வேண்டும்.

அதே ஆண்டு அக்டோபர் 17ஆம் தேதி நடந்ததையும் சொல்ல வேண்டும். சட்டத்தின் முகவுரை கடவுள் பெயரால் தொடங்க வேண்டும் என்று காமத் திருத்தம் கொடுத்தார். வாபஸ் வாங்கும்படி பலர் கேட்டுக் கொண்டார்கள். கடவுளை வாக்கெடுப்புக்கு விடாதீர்கள் என்றார்கள். கடவுள் நம்பிக்கை ஒவ்வொருவரின் உள்மனத்து விஷயம், அதைச் சபை பெரும்பான்மையால் யார் மேலும் சுமத்தக் கூடாது என்று பண்டித ஹிருதயநாத் குன்ஸ்ரு வாதாடினார். காமத் விடவில்லை. எண்ணினார்கள். ஆதரவு 41, எதிர்ப்பு 68. ராஜேந்திர பாபு பூஜை புனஸ்காரம் விடாத பக்தர். தாம் நம்புகிற கடவுள் பெயர் தம் கண்ணெதிரே தோற்றது. முடிவை அறிவித்துவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போனார்.

மூன்று நாள்

எல்லாவற்றையும்விடக் கடினமானது மொழிப் பிரச்சினை. இதிலே பாபு நடுநிலை மனிதர் அல்ல. ஹிந்தி சாகித்ய சம்மேளனத்துக்குத் தலைமை வகித்தவர். ஹிந்தியில் சுயசரிதை எழுதியவர். தேசத்துக்கு ஹிந்தி வேண்டும் என்பதில் அவருக்குச் சந்தேகமே கிடையாது.

கட்சிக் கூட்டங்களில் மாதக்கணக்கில் சண்டை நடந்தது. ஹிந்தி ஒரே ஒரு வாக்கில் ஜெயித்தது என்று நம்மவர்கள் சொல்லிக் கொள்வது உண்டு. அந்தப் பேச்சு கிளம்பிய இடம் 1955இல் அம்பேத்கர் வெளியிட்ட மொழிவாரி மாநிலங்கள் பற்றிய நூல். காங்கிரஸ் கட்சியின் உள் கூட்டத்தில் 78க்கு 77 என்று முடிந்ததாக அதில் எழுதியிருக்கிறார். அந்த ஓட்டு ஹிந்திக்காகவா, எந்த எண்களை எழுதுவது என்பதற்காகவா என்று ஆராய்ச்சியாளர்களுக்குள் தகராறு உண்டு. எப்படியானாலும் அது கட்சிக் கூட்டம்; சபை அல்ல. சபையில் முடிவு வேறு விதமாக வந்தது.

1949 செப்டம்பர் 12ஆம் தேதி விவாதம் தொடங்கும் முன் பாபு எழுந்தார். முன்னூறுக்கு மேற்பட்ட திருத்தங்கள் மேஜைமேல் இருந்தன. அவர் சொன்னதின் சாரம் இது: மற்ற ஷரத்துகள் போல் அல்ல இது, ஒவ்வொருவரும் தினமும் வாயில் வைத்துப் புழங்குகிற விஷயம். சாமர்த்தியமாகப் பேசி இங்கே ஜெயித்துவிடுவதில் பயனில்லை. வடக்கிலோ தெற்கிலோ கணிசமான மக்கள் ஏற்காத ஒன்றை இந்தச் சபை பெரும்பான்மையால் நிறைவேற்றினாலும் அதை அமல் நடத்தவே முடியாமல் போகும். ஆகவே ஒருவர் மனத்தையும் புண்படுத்தாமல் பேசுங்கள்.

இதைச் சொன்னவர் ஹிந்திக்காரர். ஹிந்திக்கு ஆதரவு கனத்திருந்த சபையில், ஜெயிக்கக்கூடிய பக்கத்தைப் பார்த்துச் சொன்னார். தோற்கிறவர் இதைச் சொன்னால் கெஞ்சுவதாகிவிடும்.

மூன்று நாள் பேசினார்கள். கோயமுத்தூர் டி.ஏ.ராமலிங்கம் செட்டியார் தென்னாட்டின் மனக்கசப்பை மறைக்காமல் எடுத்து வைத்தார். புருஷோத்தம தாஸ் டாண்டன் தேவநாகரி எண்களை விட மறுத்தார். 14ஆம் தேதி மாலை கே.எம்.முன்ஷியும் என்.கோபாலஸ்வாமி அய்யங்காரும் உருவாக்கிய சமரசம் சில மாற்றங்களோடு நிறைவேறியது. தேவநாகரி லிபியில் ஹிந்தி ஆட்சிமொழி. எண்கள் மட்டும் உலகம் முழுவதும் எழுதும் 1, 2, 3. பதினைந்து ஆண்டுக்கு இங்கிலீஷ் தொடரும். யாருக்கும் முழுத் திருப்தியில்லை. எண்ணுக்காகவா இவ்வளவு சண்டை என்று சிரிக்கலாம். தினம் வேகன் நம்பரும் பார்சல் எடையும் எழுதுகிற எனக்குச் சிரிப்பு வரவில்லை. பக்கத்து மேஜைக்காரர் ஒரு விதமாகவும் நான் ஒரு விதமாகவும் எட்டு எழுதினால் சரக்கு எந்த ஊர் போய்ச் சேரும்?

நவம்பர் 26ஆம் தேதி சட்டம் நிறைவேறியபோது பாபு தம்முடைய இரண்டு குறைகளைச் சொன்னார். சட்டசபைக்கு வருகிறவர்களுக்குத் தகுதி எதுவும் வைக்கவில்லையே என்பது ஒன்று. நம் முதல் சட்டத்தை நம் மொழி ஒன்றில் எழுத முடியவில்லையே என்பது மற்றொன்று. அதாவது தலைவருக்கே சபையில் சிறுபான்மை அபிப்பிராயங்கள் இருந்தன. அவற்றைப் பதிவு செய்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

ஜனாதிபதியான பின் இது இன்னும் சோதனையாக வந்தது. 1951இல் ஹிந்து சட்டத் திருத்த மசோதாவை அவர் எதிர்த்தார். பொதுத் தேர்தல் நடக்காமல் தற்காலிகமாக இருக்கும் பார்லிமெண்ட், வீட்டுக்குள்ளே புகுந்து இத்தனை பெரிய மாற்றம் செய்யலாமா என்று நேருவுக்கு எழுதினார். கையெழுத்திட மறுக்கலாமா என்றும் யோசித்தார். அல்லாடி கிருஷ்ணஸ்வாமி அய்யரையும் அட்டர்னி ஜெனரல் சீதல்வாட்டையும் கேட்டார். மந்திரிசபை ஆலோசனைப்படியே ஜனாதிபதி நடக்க வேண்டும் என்று இருவரும் சொன்னார்கள். மசோதா அப்போது கைவிடப்பட்டது. அம்பேத்கர் மந்திரிப் பதவியை விட்டு விலகினார். தேர்தலுக்குப் பிறகு அது துண்டு துண்டாக வந்தது. 1955இல் ஹிந்து விவாகச் சட்டம், மறு வருஷம் வாரிசுச் சட்டம். பாபு கையெழுத்திட்டார். பெண்களுக்கு விவாகரத்தும் சொத்தும் கிடைத்த சட்டம். விஷயத்தில் அவர் சொன்னது தவறு, அம்பேத்கர் சொன்னது சரி என்பதே என் எண்ணம். ஆனால் தேர்தலில் ஜனங்கள் தேர்ந்தெடுத்த சபை தீர்மானித்த பிறகு தமக்குப் பிடிக்காத சட்டத்தைத் தடுத்து நிறுத்த அவர் பார்க்கவில்லை.

1955இல் அவர் நியமித்த ஆட்சிமொழிக் கமிஷனில் பி.ஜி.கேர் தலைவர். மறு வருஷம் அறிக்கை வந்தது. பெரும்பாலோர் ஹிந்தியை நோக்கி வேகமாகப் போகச் சொன்னார்கள். சென்னையைச் சேர்ந்த டாக்டர் சுப்பராயனும் வங்காளத்து மொழி அறிஞர் சுநீதி குமார் சாட்டர்ஜியும் ஒப்பாமல் தனித்தனியாக மறுப்புக் குறிப்பு எழுதிச் சேர்த்தார்கள். ஹிந்தி பேசாதவர்கள் தயாராகும் முன் இங்கிலீஷை எடுத்தால் அவர்கள் இரண்டாந்தரப் பிரஜைகளாவார்கள் என்பது அவற்றின் சாரம். கமிஷனில் அவர்கள் தோற்றார்கள். ஆனால் குறிப்பு அச்சாயிற்று. பார்லிமெண்டில் எல்லோரும் படித்தார்கள். 1959இல் நேரு, ஹிந்தி பேசாத மக்கள் விரும்பும்வரை இங்கிலீஷ் இருக்கும் என்று வாக்குக் கொடுத்தார். 1960 ஏப்ரலில் பாபு பிறப்பித்த உத்தரவில் 1965க்குப் பிறகும் இங்கிலீஷ் துணை மொழியாகத் தொடரும் என்று இருந்தது. அதே உத்தரவில்தான் 45 வயதுக்கு உட்பட்ட மத்திய சர்க்கார் ஊழியர்களுக்கு ஹிந்திப் பயிற்சி கட்டாயமானது. பிரபோத், பிரவீண், பிராக்யா எழுதிய வாசகர்களுக்கு நினைவிருக்கும். தேறாவிட்டால் தண்டனை கூடாது என்றும் அதே உத்தரவு சொன்னது. அந்த வரியை ஆபீசில் யாரும் நமக்குப் படித்துக் காட்டியதில்லை!

1962 மே மாதம் பதவி முடிந்ததும் பாபு பாட்னாவில் சதாகத் ஆசிரமத்துக்குத் திரும்பினார். காங்கிரஸ் தொண்டராக இருந்த காலத்தில் வாழ்ந்த அதே இடம். செப்டம்பரில் மனைவி ராஜவன்ஷி தேவி காலமானார். 1963 பிப்ரவரி 28ஆம் தேதி இவரும் போய்ச் சேர்ந்தார்.

அவர் போன இரண்டரை மாதத்தில் ஆட்சிமொழிச் சட்டம் வந்தது. இங்கிலீஷ் தொடரலாம் என்று மட்டும் அது சொன்னது. தொடர வேண்டும் என்று சொல்லவில்லை. அந்த ஒரு சொல்லில் சந்தேகம் பிறந்தது. 1965 ஜனவரியில் தமிழ்நாடு பற்றி எரிந்தது. கணிசமான மக்கள் ஏற்காததை அமல் நடத்த முடியாது என்று 1949 செப்டம்பரில் சபைக்குச் சொல்லப்பட்டது, உயிர்களைப் பலி கொடுத்த பிறகு டில்லிக்கு விளங்கியது. 1967இல் சட்டத்தைத் திருத்தினார்கள். ஹிந்தியை ஆட்சிமொழியாக ஏற்காத மாநிலங்கள் ஒவ்வொன்றின் சட்டசபையும் இங்கிலீஷ் போதும் என்று தனித்தனியே தீர்மானம் போட வேண்டும், அதற்குப் பிறகு பார்லிமெண்டின் இரு சபைகளும் ஒப்ப வேண்டும், அதுவரை இங்கிலீஷ் இருக்கும் என்று எழுதினார்கள். ஒரு மாநிலம் ஒப்பாவிட்டாலும் போதும். சென்னைச் சட்டசபை அப்படித் தீர்மானம் போடவில்லை. 1968 ஜனவரியில் இரு மொழி போதும் என்று வேறு தீர்மானம்தான் போட்டது. சம்பளச் சீட்டும் இடமாற்ற உத்தரவும் இன்றும் நமக்கு இரண்டு மொழியில் வருவது அந்தத் திருத்தத்தால்தான்.